இடப்பக்க ஸ்டீயரிங்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது, தேனீ மேடம் எல் போர்டு மாட்டிய காரில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

புரியாமல் போனது நியாயம்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பல் டாக்டர், பால் வண்டிக்காரர், பேங்க் மேனேஜர் எல்லோரும் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். கட்டின மனைவி மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. "வீட்டுல கேக்குற திட்டு போதாதா?" என்று சிரித்துவிட்டு, வேளாண்மை ஆபீஸுக்கு பஸ்ஸிலேயே போய் பஸ்ஸிலேயே வந்தவள். தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. ஊருக்கு அவள் தேனீ மேடம் ஆனது அப்படித்தான்.

அந்த மேடம் வயசாவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு, கடல் கடந்து, யானைக் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்துக்குத் தன்னார்வலராகப் போனாள். அங்கே யானைகள் சோளக் காட்டுக்குள் புகுந்து மேய்ந்துவிடும். கோபத்தில் ஜனங்கள் ஈட்டி எடுப்பார்கள், விஷம் வைப்பார்கள். அதற்கு மாற்றாக வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து, கம்பி நெடுக தேன்பெட்டிகளைத் தொங்கவிடுவது ஒரு வழி. யானை கம்பியில் இடித்தால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும், யானை ஓட்டம் பிடிக்கும். யானையும் பிழைக்கும், சோளமும் பிழைக்கும், கிடைக்கிற தேன் அந்த ஊர்ப் பெண்களுக்கு. இதைக் கற்றுக்கொடுக்க ஆறு மாதம் என்று போனவள், ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தாள்.

வந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த கொஞ்ச நாளிலேயே, "எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக்குடுங்களேன்" என்றாள். மாஸ்டர் அன்றைக்கே பழகுநர் உரிமத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து விடிந்ததும் ஒரு மணி நேரம், அவருக்கே அவருக்கு என்று அவள்.

இன்றைக்கும் வெயில் ஏறுவதற்கு முன்பே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் காலி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் மாஸ்டர் கைப்பேசியில் வானிலை பார்த்தார். இந்த ஊர் வானிலை அல்ல, அந்த ஊர் வானிலை. அவள் அங்கே இருந்தபோது பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை.

"அங்க மழை போல" என்றார்.

"ராத்திரியே பிடிச்சுக்கிச்சு" என்றாள் அவள், எட்டிக்கூடப் பார்க்காமல்.

அவளும் பார்த்திருக்கிறாள். அவருக்கு முன்பே பார்த்திருக்கிறாள். மாஸ்டர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி, ஸ்டார்ட் பண்ணு. கிளட்ச்சை முழுசா விடாத. பாதி. பாதின்னா பாதி."

"பாதின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி சொல்லும். லேசா உறுமும்."

"உறுமறதை முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அவள் காலை எடுத்துவிட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. அவள் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தது. தமிழ் இல்லை.

"என்ன சொன்ன?"

"அது... அங்க சொல்றது. 'அட போச்சே'ங்கற மாதிரி."

அந்தச் சொல் மாஸ்டருக்கு என்னவோ செய்தது. அவளுக்கு 'அட போச்சே' என்று வருகிற இடத்தில் இதுவரை அவர் இருந்தார். 'ஐயோ, என்னங்க' என்றுதான் அவளுக்கு வரும். பால் பொங்கினாலும் அப்படித்தான், பஸ்ஸைத் தவறவிட்டாலும் அப்படித்தான்.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இந்தத் தடவை வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. இரண்டாவது கியர். தொட்டியைச் சுற்றி ஒரு வளைவு, இண்டிகேட்டரை மறக்காமல் போட்டாள். கை நன்றாகவே பழகிவிட்டது. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பின்னால் உருளும். மற்றபடி இன்றைக்கு டெஸ்ட்டுக்குப் போனாலும் தேறிவிடுவாள். மாஸ்டருக்கு இது போன வாரமே தெரியும். சொன்னால் கிளாஸ் முடிந்துவிடுமே என்று சொல்லவில்லை.

"என்னங்க" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தா ரொம்பக் கஷ்டமா இருக்குமா? கியரை வலது கையால போடணும், இல்ல?"

மாஸ்டரின் கால் தானாக அழுத்திவிட்டது. பயிற்சி வண்டியில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வண்டி வெட்டவெளி ரோட்டில் சடாரென்று நின்றது.

"என்னாச்சு? நாய் ஏதாவது குறுக்க வந்துச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"நம்ம ஊர்ல இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி ஒண்ணுகூடக் கிடையாது" என்றார் மாஸ்டர்.

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? லைசென்ஸ் கைக்கு வந்த பிறகா?"

"தைரியம் வந்த பிறகு."

மாஸ்டர் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"ஆத்துக்கு மேல ஒரு ஊர் இருக்குங்க. போன அறுவடையில அங்க ஒரு பொண்ணை யானை மிதிச்சுடுச்சு. பதினாறு வயசு. அந்த ஆத்திரத்துல தண்ணிக் குட்டையில விஷத்தைக் கலந்துட்டாங்க. ரெண்டு யானை செத்துப்போச்சு. ஒண்ணு குட்டி போட்டது. குட்டி ரெண்டு நாள் அங்கயே நின்னுச்சாம்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "பெட்டி இருக்கு. பழகின பொண்ணுங்க இருக்காங்க. கொண்டு போய்ச் சேர்க்கத்தான் வழியில்ல. இருந்த டிரைவர் வேற வேலைக்குப் போயிட்டான். பிக்கப் வண்டி சும்மா நிக்குது. சோளம் முத்துறதுக்குள்ள அங்க வேலி கட்டியாகணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ரெண்டு வருஷம் வர முடியுமான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"லைசென்ஸ் கிடைச்சா சொல்றேன்னு சொன்னேன். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். அவள் இடம் மாறி உட்கார்ந்தாள். வீடு வரை அவரே ஓட்டினார். ஓட்டுகிற வழியெல்லாம் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"திட்டிடுங்களேன்" என்றாள் கடைசியில்.

திட்டுவதற்கு அவருக்கு வார்த்தை வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

*

லைசென்ஸ் ஆபீஸில் வழக்கம்போலக் கூட்டம். மாஸ்டருக்கு வரிசை கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கிளார்க் அவரிடம் வண்டி பழகியவர்தான்.

"வாங்க மாஸ்டர். மேடத்துக்குத் தேதி கேட்டிருந்தீங்கல்ல? உங்களுக்கு நல்ல நேரம். வர்ற வியாழக்கிழமை ஒருத்தர் கால் சுளுக்கி வரலைன்னுட்டாரு. அந்த இடத்துல போட்டுடறேன். அதை விட்டா அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான்."

மாஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கண்ணுக்குள் போன வருஷம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் பேசுவாள். அந்த ஊரில் சிக்னல் கிடைக்காது என்பதால், பிக்கப் வண்டியின் கூரை மேல் ஏறி நின்றுகொண்டு பேசுவாள். படம் உறைந்து உறைந்து வரும். சில வாரம் குரல் மட்டும், சில வாரம் வாய் மட்டும் அசையும். உறைந்துபோன அந்த முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லைன் போய்விட்டது என்று மகள் சொல்லும் வரைக்கும்.

சரி, வந்துவிட்டாளே, இப்போது என்ன குறை? அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வந்தவள் கால் வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு வெளியே வருகிறாள். துணி துவைக்கப் போட்டால் ஒரு பழைய சட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடுகிறாள். தேனீயை அடக்கப் புகை ஊதும் குழலின் வாடை அடிக்கும் சட்டை. விடிகாலையில் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் திரும்புகிறாள், சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எங்கேயோ தூரத்திலிருந்து கிளம்பி, கொஞ்சம் தாமதமாக அவரிடம் வந்து சேர்கிறது.

"என்ன மாஸ்டர், வியாழக்கிழமை போட்டுடவா?"

"வேணாம்" என்றார் மாஸ்டர். "இன்னும் கை பழகல. ரெண்டு மாசம் கழிச்சே போடு."

கிளார்க் ஆச்சரியமாகப் பார்த்தார். தேதிக்காக மல்லுக்கு நிற்கிற மனுஷன், கிடைத்த தேதியை வேண்டாம் என்று சொல்லி அவர் பார்த்ததில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

தேறக்கூடிய மாணவரைத் தேறமாட்டார் என்று சொன்னது, மாஸ்டரின் தொழிலில் அதுதான் முதல் தடவை. வெளியே வந்து வண்டியை எடுத்தார்.

*

மகளின் நர்சரி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மகளுக்கு இருபத்தேழு வயசு. ஆனாலும் வீட்டில் பாப்பாதான். துணிக் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தவள், போன மாதம் அதை விட்டுவிட்டு, ஒரு பழைய மரக்கடை இடத்தை வாடகைக்கு எடுத்து, பச்சை வலை கட்டி, தொட்டிகளை அடுக்கியிருக்கிறாள். செம்பருத்தி, ரோஜா, காகிதப்பூ, எலுமிச்சைக் கன்று. பின்பக்கம் நான்கு தேன்பெட்டிக்கு இடம் விட்டிருக்கிறாள். அது அம்மா பகுதி.

இன்றைக்கு போர்டு மாட்டுகிற நாள். மாஸ்டர் போய்ச் சேர்ந்தபோது பெயிண்டர் ஏணி மேல் நின்றிருந்தார். கீழே பாப்பா, தன் அம்மாவின் கண்ணைப் பின்னாலிருந்து பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"பாக்காத, பாக்காத... இப்போ பாரு!"

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. 'அம்மா பொண்ணு நர்சரி.'

தேனீ மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. பாப்பா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். மாஸ்டருக்குத்தான் தெரியும் அது என்ன கலக்கம் என்று.

"இன்னும் பெயிண்டு காயல பாப்பா, தொட்டுடாதீங்க" என்று மேலிருந்து பெயிண்டர் சத்தம் போட்டார்.

தேனீ மேடம் மாஸ்டரைப் பார்த்துவிட்டாள். "தேதி கிடைச்சுதா?"

"ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இருக்காம்" என்றார் மாஸ்டர், தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே.

அவள் முகம் வெளுத்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. கையில் இருந்த தண்ணீர் டப்பாவைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான்.

"அதுக்கு ஏம்மா இப்படி ஆயிட்ட?" என்றாள் பாப்பா. "ரெண்டு மாசத்துல என்ன தலை போகப்போகுது? அதுவரைக்கும் நர்சரி வேனை நான் ஓட்டுறேன். அப்புறம் நீ ஓட்டு."

நர்சரி வேன்! மாஸ்டருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவள் வண்டி பழகுவதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார், மகள் ஒரு காரணம் வைத்திருந்தாள். அவளைக் கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த நிமிஷம் அவள் சும்மா இருந்திருக்கலாம். தேதிதான் தள்ளிப்போய்விட்டதே. போகவே முடியாத பயணத்தைப் பற்றி எதற்கு வாயைத் திறந்து வீணாக மனக்கசப்பு? ஆனால் மூடி வைக்கிற ஜாதி அல்ல அவள்.

"பாப்பா, நான் வேனுக்காகக் கத்துக்கல."

"பின்ன?"

காலையில் மாஸ்டரிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். பாப்பா நடுவில் குறுக்கிடவே இல்லை. கையில் இருந்த செம்பருத்திக் கன்றின் இலையை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கன்றைக் கீழே வைத்தாள்.

"ஆறு மாசம்னு சொன்ன. சரின்னேன். இன்னொரு ஆறு மாசம்ன. அதுக்கும் சரின்னேன். வேலைய விட்டுடு, நான் வந்ததும் சேர்ந்து செய்யலாம்னு சொன்னது யாரு? அந்த வண்டி கூரை மேல ஏறி நின்னுக்கிட்டு, போன்ல, நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்."

"இப்போ?"

"இப்பவும் அது பொய்யில்ல பாப்பா. ஆனா..."

"அந்த ஆனாதான்மா உன் மனசு. முன்னாடி சொன்னதெல்லாம் எனக்கு ஆறுதலுக்கு." பாப்பாவின் குரல் உடைந்தது. "யானைக்கு வேலி கட்ட எந்த நாட்டுலேருந்தாவது யாராவது வருவாங்க. எனக்கு அம்மாவா வர யாரு வருவா, சொல்லு?"

தேனீ மேடம் கையை நீட்டினாள். பாப்பா நகர்ந்துகொண்டாள்.

"உங்களுக்கு இது தெரியுமாப்பா?"

"காலையிலதான் தெரியும்" என்றார் மாஸ்டர்.

"தெரிஞ்சும் பேசாம நிக்கிறீங்க."

பேசாமல்தான் நின்றார். பேச வேண்டிய அவசியமே இல்லையே. அவர் சும்மா இருந்தாலே போதும். அடுத்த மாதக் கடைசி வரும், போகும். அங்கே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். போர்டு மேலே ஏறும், மனைவி வீட்டில் இருப்பாள், காலை கிளாஸ் தொடரும். தன் ஆசை இவ்வளவு சுலபமாக நிறைவேறும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆனாலும் மகள் முகத்தைப் பார்க்காமல் ஒரு தொட்டியை நேராக்கி வைத்தார்.

பாப்பா அண்ணாந்து பார்த்தாள். "அண்ணே, அதை இறக்கிடுங்க."

பெயிண்டர் ஸ்க்ரூவும் கையுமாக முழித்தார். "ஒரு பக்கம் முடுக்கிட்டேனே பாப்பா."

"இறக்குங்கண்ணே."

"எழுத்துல ஏதாச்சும் பிழையா?"

"எழுத்துல இல்ல."

பலகை ஒரு பக்கமாகத் தொங்கி ஆடியது. பெயிண்டர் அவிழ்த்து இறக்கி, ஈரம் சுவரில் ஒட்டிவிடாமல் ஒரு எலுமிச்சைத் தொட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தூரிகையைக் கழுவப் போனார். பாப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே என்று சொல்லவில்லை.

*

பொழுது சாயும் நேரம். பாப்பா இன்னும் வரவில்லை. இரண்டு தடவை அழைத்தும் எடுக்கவில்லை. தேனீ மேடம் சாப்பாட்டு மேஜையில், தண்ணீர்ச் சொம்பின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு அந்த ஊர்ப் பெண்கள் கூப்பிடுகிற நாள்.

இத்தனை வாரமும் அந்த நேரத்தில் மாஸ்டர் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார். இன்றைக்குப் போகக் கால் வரவில்லை. சமையலறை வாசலில் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரையில் ஒரு தகரக் கொட்டகை. தகரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. ஆறேழு பெண்கள் ஒருவர் தோள் மேல் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்தார்கள். நடுவில் தலையில் மஞ்சள் துணி கட்டிய ஒரு பெரிய உடம்புக்காரி. அவள் ஏதோ சொல்ல, தேனீ மேடம் பதிலுக்கு ஏதோ சொன்னாள். எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கடைவாய்ப் பல் தெரிய, மேஜையை ஒரு தட்டுத் தட்டி.

மாஸ்டர் நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கேட்டது. கல்யாணத்தன்று, பயிற்சி வண்டி சேற்றில் மாட்டி, அவர் மாலையும் சட்டையுமாக இறங்கித் தள்ளினபோது. நடுவில் எங்கே தொலைந்தது? ஆபீஸ் பஸ்ஸிலா, அடுப்படியிலா? தொலைந்ததே அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவள் அதை அந்தத் தகரக் கொட்டகையில் கண்டெடுத்து வைத்திருக்கிறாள்.

மஞ்சள் துணிக்காரி அவரைப் பார்த்துவிட்டாள். விரலை நீட்டி ஏதோ கேட்டாள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். தேனீ மேடம் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுருக்கமாக என்னவோ பதில் சொன்னாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. நீங்கதானான்னு கேக்குறாங்க."

அது மட்டும் இல்லை என்று அவள் காது மடல் சொன்னது.

பிறகு ஒரு சின்னப் பெண் முன்னால் வந்தாள். பேசப் பேச, தேனீ மேடத்தின் சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினாள். ஒரு கண் மூடியே போயிருந்தது. கன்னமும் கையும் வீங்கியிருந்தன.

"என்னாச்சு அந்தப் பொண்ணுக்கு?" என்றார் மாஸ்டர், தன்னை அறியாமல் கிட்டே வந்து.

"வண்டி இல்லன்னு, பெட்டியைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு மேல் ஊருக்கு நடந்திருக்காங்க. மழையில வழுக்கி விழுந்திருக்கா. பெட்டி உடைஞ்சு அத்தனை தேனீயும் இவ மேல." அவள் திரையைத் தொட்டாள், கன்னத்தைத் தொடுவது மாதிரி. "நாளைக்கு மறுபடி நடக்கப் போறாங்களாம். வேணாம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறாங்க. யானை மிதிச்சுச் செத்த பொண்ணு இவளோட அக்கா."

மாஸ்டர் அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தார். அது அவரையே பார்த்தது. வீங்கிய வாயால் அந்தப் பெண் அவருக்கு ஒரு வணக்கம் மாதிரி ஏதோ சொன்னாள்.

அவர் வாசலுக்குப் போய், கிளார்க்கின் சொந்த நம்பருக்குப் போட்டார்.

"அந்த வியாழக்கிழமை இடம் போயிடுச்சா?"

"நாளைக்குக் காலையில ஒருத்தருக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். ஏன் மாஸ்டர்? கை பழகலன்னீங்களே?"

"பழகிடுச்சு."

"ஒரே நாள்லயா?"

"யாரு ஸ்டூடன்ட்டுய்யா அவ!" என்றார் மாஸ்டர்.

உள்ளே வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது. அவள் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்கு டெஸ்ட் வியாழக்கிழமை."

"ரெண்டு மாசம்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். காலையிலேயே இந்தத் தேதி இருந்துச்சு. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு வந்த கோபம் நிஜக் கோபம். "பாப்பா என்னை அத்தனை பேச்சு பேசினா. பக்கத்துலயே நின்னீங்க. அப்பகூட வாயைத் திறக்கலையே."

"திறக்கல."

"இத்தனை வருஷத்துல என்கிட்ட நீங்க பொய் சொன்னதில்ல. ஏங்க?"

மாஸ்டர் மேஜை மேலிருந்த அவள் கையைப் பார்த்தார். வெயிலில் கறுத்த கை. தேனீ கொட்டிக் கொட்டி மரத்துப்போன விரல்.

"நீ வந்து ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். "நான் இன்னும் உன்னை எதிர்பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் கோபம் அப்படியே நின்றுபோனது. எழுந்து போகப் பார்த்தவள், திரும்ப உட்கார்ந்தாள்.

"அங்க இருந்தப்போ, சாயங்காலமானா நீங்க டிரைவிங் ஸ்கூல் ஷட்டரை இழுத்து விடுற சத்தம் எனக்குக் கேக்கும். நிஜமாவே கேக்கும். எந்திரிச்சு அடுப்பு மூட்டப் போயிருக்கேன், நீங்க வந்துடுவீங்கன்னு. இங்க வந்தா, விடிகாலையில கம்பியில பெட்டி ஆடுற சத்தம். எந்த ஊர்ல இருந்தாலும் பாதி ஆளாத்தான் இருக்கேன். எனக்கு மட்டும் இது பிடிச்சா இருக்கு?"

மாஸ்டர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடித்தாள்.

"நீங்க போகச் சொல்றீங்களா?" என்றாள் மெல்ல.

"டெஸ்ட்டுக்குப் போன்னு சொல்றேன். இப்போதைக்கு அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். அதுவும் மேட்டுல உனக்கு வண்டி பின்னாடி உருளுது. நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்."

அவள் சிரித்தாள். கடைவாய்ப் பல் தெரியவில்லைதான். ஆனால் இந்தச் சிரிப்பு தாமதமில்லாமல் வந்தது.

"ஆமா, அந்த மஞ்சத் துணிக்காரம்மா நிஜமா என்ன கேட்டாங்க?" என்றார் மாஸ்டர்.

"வியாழக்கிழமை பாஸ் பண்ணினா சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன?"

"உங்க ஸ்டூடன்ட் மேல நம்பிக்கை இல்லையா?"

அதற்குள் வெளியே ஸ்கூட்டர் சத்தம். விளக்கு வெளிச்சம் ஜன்னலைத் தாண்டிச் சுவரில் ஒரு முறை வீசிவிட்டு நின்றது. தேனீ மேடம் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து ஓடினாள்.

மாஸ்டரும் எழுந்தார். பிறகு, இது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது என்று தோன்றி, ஜன்னலோடு நின்றுகொண்டார்.

கேட் பாதி திறந்திருந்தது. பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே வரவும் இல்லை. அவள் அம்மா கேட்டைத் தாண்டிப் போய், ஸ்கூட்டரின் ஹேண்டில் மேல் கை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரத்துக்கு வார்த்தை கேட்கவில்லை. பாப்பா ஒரு தடவை மறுத்துத் தலையசைத்தாள். இன்னொரு தடவை புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மாவின் கை ஹேண்டிலை விட்டு எடுபடவில்லை. பாப்பா இன்னும் இன்ஜினை அணைக்கவில்லை.